ஒரு முழம் தள்ளி

டிராயிங் வாத்தியார் டீ கிளாஸை எடுக்கப்போய், வலப்பக்கம் நின்றிருந்த பால் சொசைட்டி செயலாளர் குழந்தைவேலுவின் வேட்டி முடிச்சைப் பிடித்துவிட்டார், அவர் பிடியை விடுவதற்குள் குழந்தைவேலு தன் கிளாஸுக்கென்று நீட்டிய கை அடுத்து நின்றவரின் வாயிலிருந்து பீடியைப் பறித்திருந்தது, பீடிக்காரர் குழந்தைவேலுவைத் தள்ள நினைத்துத் தள்ளியது கடையின் தூணை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே டீ மாஸ்டர் மயில்சாமி அடுப்பின் மேல் வைக்க நினைத்த பால் குண்டாவை அடுப்புக்கு வலப்பக்கம் ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்தார். பால் தரையெல்லாம் ஓடியது. சொசைட்டிப் பால் என்பதால் குழந்தைவேலு வேட்டியைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊத்துப்புதூரில் அன்று காலை யார் எதை எடுக்க நீட்டினாலும் கை ஒரு முழம் வலப்பக்கம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பித்தம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மருந்துக் கடையில் கூட்டம் கூடியது. கடைக்காரர் பித்தத்துக்கான மாத்திரையைப் பார்த்துக் கையை நீட்டி, அதற்கு ஒரு முழம் வலப்பக்கம் இருந்த பூச்சி மாத்திரையை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். பித்தம் தெளியவில்லை, ஆனால் அந்த வாரம் ஊரில் ஒருவர் வயிற்றிலும் பூச்சி இல்லை. அதன் பிறகு ஊர் இதை ஒரு நோயாக நினைப்பதை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்வதுபோல இதன் போக்கைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியது. எடைமேடையிலிருந்து வாய்க்கால் பாலம்வரைதான் இப்படி, பாலத்தைத் தாண்டினால் கை சரியாகிவிடுகிறது. தன் உடம்பைத் தொடுவதில் பிசகில்லை, எடுத்த சோறு நேராக வாய்க்குத்தான் வருகிறது. ஏற்கெனவே பிடித்திருப்பதும் கையை விட்டுப் போவதில்லை. அதனால் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர்கள் எடைமேடைக்கு முன்னாலேயே ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, காது அரித்தாலும் பாலம் தாண்டித்தான் சொறிந்தார்கள்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் குழந்தைவேலுவின் மகள் கோகிலவாணி. மூடிப்போன தறிக் குடோனின் மாடியில் தீனதயாளன் நடத்திவந்த சின்னக் கம்பெனியில் அவள் ஏழெட்டுப் பேரோடு வேலை பார்த்தாள். அவர்கள் செய்தது, கடல்தாண்டி ஒரு வாடிக்கையாளருக்கு, கணினிக்குள் குடியிருக்கும் கணினிகளுக்கான வேலை. ஒரு கணினிக்குள் இன்னொன்றை வெறும் நிரலாகவே கட்டிக் குடிவைப்பார்கள், உள்ளே இருப்பதற்கு விருந்தாளி என்று பெயர். தான் இன்னொரு வீட்டில் இருப்பது விருந்தாளிக்குத் தெரியாது, தனக்கென்று திரையும் மேசையும் மவுஸும் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும், அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் கோகிலவாணியின் வேலை. வெளியே கை நகர்த்தும் மவுஸை உள்ளே இருக்கும் அம்புக்கு எடுத்துச்சொல்லும் நிரலை அவள் எழுதினாள். அதற்கு மவுஸ் டிரைவர் என்று பெயர். மவுஸுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, எவ்வளவு நகர்ந்தோம் என்று மட்டுமே தெரியும், நகர்ந்த தூரத்தை மட்டும் கேட்டு நடக்கும் அம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டு விலகிப் போய்விடும். விலகியதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வழியை அவள் கண்டுபிடித்திருந்தாள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்பை வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளிவைக்கும் ஒரு வரியையும் எழுதியிருந்தாள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய வரி. அதை எடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

வாடிக்கையாளரின் கணினிகளில் அம்பு நூல் பிடித்ததுபோல நின்றது. தள்ளல் ஊத்துப்புதூரில் இறங்கியிருந்தது.

இது தெரியவந்த அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். குழந்தைவேலு, இது உன்ர வேலைதானா அம்முணி என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தான்கள் தன் உடம்பின் மேல் இருந்ததால் சரியாகப் பூட்டிக்கொண்டு, டீக்கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தவருக்கு முன்னால் மயில்சாமி ஒரு டீயைக் கொண்டுவந்து, ஒரு முழம் தள்ளி வைத்தார்.

"உங்க பொண்ணு எழுதுனது அமெரிக்காவுல ஓடுதுன்னு வருசமாச் சொல்லீட்டிருந்தீங்க செயலாளரே, நாங்கதான் நம்புல" என்றார் மயில்சாமி. "இப்பத்தான தெரியுது, நல்லாத்தான் ஓடுது."

ஊருக்குக் காரணம் தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டது. யாரோ செய்த வினை என்றால் பயப்படலாம், தெய்வக் குற்றம் என்றால் கிடா வெட்டலாம், நம் குழந்தைவேலு மகள் எழுதியது என்றால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு முழம் என்றே பெயர் வைத்தார்கள். வேண்டிய பொருளைப் பார்க்காமல் அதற்கு ஒரு முழம் இடப்பக்கம் பார்த்துக் கையை நீட்டினால் பொருள் கைக்கு வந்தது. ஆனால் வெறும் இடத்தைப் பார்ப்பது கண்ணுக்குப் பிடிக்காத காரியம், பிடிமானம் இல்லாமல் மறுபடி பொருளுக்கே ஓடிவிடும். டிராயிங் வாத்தியார்தான் வழி செய்தார். கோகிலவாணியின் திரையில் இருந்த அம்பை ஒருமுறை மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர், கதவுத் தாழ்ப்பாள், பம்புசெட் சுவிட்சு, உண்டியல், ரேசன் கடைத் தராசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் இடப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளை அம்பு வரைந்தார். சாய்ந்த தலையும் குட்டை வாலும் கொண்ட அம்பு. நோம்பித் திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது சுவருக்கு அடித்துவிட்டு அம்புக்குத் தனியாக இரண்டாவது கை அடித்தார்கள்.

முடிதிருத்தும் சின்ராசு, வாடிக்கையாளரை உட்காரவைத்து தன் இடக்கைப் பக்கமாக ஒரு காலி நாற்காலி போட்டு, அந்தக் காலி நாற்காலிக்கு மிகுந்த பொறுமையோடு சவரம் செய்தார். பக்கத்தில் இருந்தவரின் முகம் மழுங்கிக்கொண்டே வந்தது. சந்தை நாளில் பிக்பாக்கெட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் கை வைத்த வழக்குகளில், பக்கத்தில் இருந்ததை எடுக்கத்தான் நீட்டினேன் என்று எல்லோரும் சொன்னதாலும், சொன்னது உண்மையாகவும் இருந்ததாலும், போலீசார் ஊத்துப்புதூர் என்றாலே சமாதானம் பேசி அனுப்பினார்கள். அடிதடியே குறைந்துபோனது. ஒருவன் ஓங்கி அறைந்தால் அறை வேடிக்கை பார்ப்பவன் கன்னத்தில் விழுந்தது. அதனால் சண்டையைச் சுற்றிக் கூட்டம் சேரவில்லை, கூட்டம் இல்லாமல் சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை.

விருந்துகளில்தான் முழம் நன்றாக ஊன்றிக்கொண்டது. பந்தியில் வரிசையாக உட்கார்ந்தால் ஒவ்வொருவர் கையும் வலப்பக்கத்து இலைக்குத்தான் போகிறது. இலையில் மட்டும் இடம் பார்த்துக் கை வைக்க யாருக்கும் பொறுமை இல்லை, பசி நேராகவே பார்க்கிறது. ஆகவே வரிசையின் வலக்கோடியில் ஆளில்லாமல் ஓர் இலை சேர்த்துப் போட்டார்கள், இடக்கோடியில் யாரும் தொடாமல் மிஞ்சுவதைக் காக்கைக்கு வைத்தார்கள். பரிமாறுபவரிடம் போதும் என்று மறிக்க வேண்டியது அந்த இலைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் என்பது வழக்கமானது. சர்க்கரை வியாதிக்காரர்கள் குழந்தைகளுக்கு இடப்பக்கமாக இடம் தேடி உட்கார்ந்து, கை போன இடத்துக்கு நாங்கள் என்ன செய்வது என்று ஜிலேபி தின்றார்கள்.

இதெல்லாம் ஊருக்குச் சரி. கோகிலவாணிக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை மருதாசலம் பல்லடம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். போன வருடம் குடோன் தண்ணீர் மோட்டார் கருகிப்போனபோது கழற்றிப்போக வந்தவன், கட்டிக் கொண்டுவந்து மாட்டிய பிறகும் ஓடுகிறதா என்று கேட்டுப் பலமுறை வந்தான். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. நான்காவதோ ஐந்தாவதோ முறை, அதை நீங்கள் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று கோகிலவாணி சொன்னாள், நம்பர் இல்லீங்களே என்றான் அவன். இரண்டு வீட்டிலும் பேசி ஒப்புக்கொள்ள வைக்க ஆறேழு மாதம் ஆனது. மருதாசலத்தின் அம்மா சரசாத்தாளுக்கு இன்னமும் பாதி மனதுதான். அவருக்குத் தன் அண்ணன் மகள் பிருந்தாவை மகனுக்குக் கட்டிவைக்க வேண்டுமென்று, பிருந்தா தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து ஆசை. முறைப்பெண் இருக்க வெளியே எதற்கு என்று கேட்டுக்கொண்டே பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்.

முழத்தைக் கேள்விப்பட்டதும் சரசாத்தாள் பார்க்க வந்தார். குழந்தைவேலு முந்திக்கொண்டு, பாலம் தாண்டி ஒரு மண்டபம் இருக்கிறது, அங்கே வைத்துக்கொண்டால் மாப்பிள்ளைக்குச் சிரமம் இருக்காது என்றார். அந்த அம்மாள் பொட்டுக்கடலை உருண்டைக்குக் கையை நீட்டி, அது தட்டத்தில் கிடந்த வெற்றிலைக்குப் போனதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பொண்ணு ஊர்ல தாலி கட்றதுதானுங்க எங்க வழமை" என்றார். "அதை எதுக்கு மாத்தோணும்? சாமி பாத்துக்கும். ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேன். என்ர மகன் கட்ற தாலி எந்தக் கழுத்துல உழுகுதோ, அவதான் என்ர மருமக. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

யாரும் மாற்றிப் பேசவில்லை. பேசினால் இருக்கிற பாதி மனதும் போய்விடும். அந்த அம்மாள் போகும்போது இன்னும் ஒன்று சொன்னார். மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் தோழியாகப் பிருந்தா உட்காரட்டும், அவளுக்கும் ஆசையாக இருக்கிறது. பிருந்தாவைக் கேட்டிருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு மருதாசலத்தைவிட அவன் பைக்கின்மேல்தான் கண், அதையும் அவன் விற்றால் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில்தான்.

கோகிலவாணி அந்த வரியை எடுத்துவிட்டுத் திருத்திய டிரைவரை என்றோ தயாராக வைத்திருந்தாள். ஆனால் அதை வாடிக்கையாளர் ஏற்று வெளியிட்டால்தான் செல்லும். அவர்கள், எங்களிடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிழை என்ன என்று கேட்டார்கள். பிழை எங்கள் ஊரில் இருக்கிறது என்று தீனதயாளன் எழுதினார். எங்கள் பக்கத்தில் அதை வரவழைத்துக் காட்டும் வழியைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. தீனதயாளன் மயில்சாமி கடையில் காலை நேரத்தைப் படம் பிடித்து அனுப்பினார். பதினைந்து பேர் இடப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே வலப்பக்கம் கை நீட்டி ஒரே நேரத்தில் டீ எடுக்கும் படம் அது. மிக அழகாக இருக்கிறது, எந்தப் பண்டிகைக்கு ஆடுவது என்று கேட்டு எழுதினார்கள்.

வேறு வழியில்லாமல் மருதாசலம் முழம் பழக வந்தான். தினமும் பட்டறையை மூடிவிட்டுப் பாலம் தாண்டி வந்து மயில்சாமி கடையில் உட்காருவான். மெல்லிய செம்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றிச் சுற்றிப் பழகிய கை அவனுடையது, கண் எங்கேயோ அங்கே தவிர வேறிடம் போக அதற்குத் தெரியாது. டீயைப் பார்ப்பான், பக்கத்து ஆளின் டீயைக் குடிப்பான். அம்பைப் பார் என்பார்கள். அம்பைத்தான் பார்ப்பான், கை நீளும் கடைசி நொடியில் டீயை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவான், அவ்வளவுதான். அவனுக்கு வலப்பக்கம் உட்காருகிறவர்கள் ஒரு டீ சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

"டீ வேணும்னா டீயப் பாக்காதீங்க மாப்ளே" என்றார் மயில்சாமி. "வேணும்ங்கறத மனசுல வெச்சுக்கங்க. கண்ணுல எதுக்கு வெக்கறீங்க?"

ஊரே அவனைப் பழக்கியது. வாத்தியார் இரண்டு மண்குடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதன் கழுத்தில் நூல் கட்டச் சொன்னார். சின்ராசு தன் காலி நாற்காலியைக் காட்டி, இங்கே ஒருவர் இருக்கிறார் என்று நம்ப வேண்டும் என்றார். ஒருநாள் கோகிலவாணியே வந்து குடத்துக்குப் பதிலாகத் தன்னை உட்காரவைத்துக்கொண்டாள். அவன் மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் அம்பு வரைந்த சுவரைப் பார்த்தான், கையைக் கொண்டுவந்தான், கடைசி நொடியில் அவளைப் பார்த்தான், கயிறு அவளுக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் முடிச்சாகிக் கீழே விழுந்தது. மூன்று முறை அப்படியே நடந்தது.

"கட்டறப்ப என்னப் பாத்தீங்கன்னா நான் கெட்டங்க" என்றாள்.

"தெரியுதுங்க" என்றான் அவன். "சுவத்தப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்க அங்க இருக்கறது தெரிஞ்சா தலை தானாத் திரும்பீருது."

நான்காம் முறை அவள், நான் இங்கே இல்லை, அந்த அம்புக்குக் கீழே இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் வெகுநேரம் அம்பையே பார்த்தான். அவன் முகத்தில், அவளைப் பார்க்கும்போது மட்டும் வரும் ஓர் அசட்டுத்தனம், வெறும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து வந்தது. கயிறு அவள் கழுத்தில் விழுந்தது. அதன் பிறகு அவன் தவறவே இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம், மயில்சாமி கடையில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் டீயை எடுத்துக் குடித்தான். கடையில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பையன் பாஸானதுபோலச் சிரித்தார்கள், வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் சேர்த்துச் சொன்ன டீ மிஞ்சிப்போனது.

அப்போதுதான் வாடிக்கையாளரிடமிருந்து செய்தி வந்தது. வேறொரு காரணத்துக்காகப் புதிய பதிப்பு வெளியிடுகிறார்கள், அதில் கோகிலவாணியின் திருத்தமும் சேர்ந்து போகிறது, முழம் நீங்கிவிடும். வெளியீடு கல்யாணத்தன்றே, அவர்கள் ஊர் நள்ளிரவில்.

இதைப் பற்றிப் பால் சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டார்கள். முழம் போகவேண்டியது இல்லை என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். போகட்டும், ஆனால் அரை முழமாவது வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். இவ்வளவு அம்பு வரைந்திருக்கிறேன், வேறெங்காவது பயன்படுத்த முடியாதா என்று வாத்தியார் கோகிலவாணியைக் கேட்டார். பேசிப் பேசிக் கடைசியில், வருவதை நிறுத்த முடியாது, முகூர்த்தத்துக்கு முன்னால் வராமல் இருந்தால் போதும் என்று முடிவானது. தீனதயாளன் கணக்குப் போட்டார். அவர்களுடைய நள்ளிரவு நமக்குக் காலை பத்தரை, முகூர்த்தமோ பத்து மணிக்குள் முடிகிறது. ஆகத் தாலி முழத்தோடு, சாப்பாடு முழமில்லாமல். கணக்குச் சரிதானா என்று கோகிலவாணி இரண்டு முறை கேட்டாள், நான் பாத்துக்கறேன் நீ கல்யாணப் பொண்ணா இரு என்றார். சமையல்காரரிடம் பந்திக் கோடியில் சேர்த்துப் போடும் இலை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கணக்கில் குற்றமில்லை. பங்குனி வாக்கில் வாடிக்கையாளர் ஊர்க்காரர்கள் கோடைக்காகத் தங்கள் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொள்வார்கள், அவர்கள் நள்ளிரவு நமக்கு ஒன்பதரைக்கே வந்துவிடும் என்பது மட்டும் தீனதயாளனுக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு வருடமும் அது அவருக்கு நினைவில் இருப்பதில்லை, ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்துக் கூட்டங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

முகூர்த்த நாளில் ஊருக்குள் இருந்த மண்டபம் நிறைந்திருந்தது. பின்திரையில், மாப்பிள்ளை பெண்ணுக்கு எதிரே நின்றால் அவன் இடப்பக்கம் வரும்படி, கோகிலவாணியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி, வாத்தியார் இதுவரை வரைந்ததிலேயே பெரிய அம்பை ஜரிகைத் தாள் ஒட்டிச் செய்திருந்தார். அந்த அம்புக்கு நேர் கீழே, சரசாத்தாள் கொண்டுவந்து உட்காரவைத்தபடி, பட்டுப் பாவாடை தாவணியில் பிருந்தா உட்கார்ந்து மடியில் போனைப் பிடித்துக்கொண்டு எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிருந்தாவின் கழுத்தைப் பார்த்துக் கட்டினால்தான் தாலி கோகிலவாணியின் கழுத்தில் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அதில் யாருக்கும் வருத்தமில்லை. அட்சதையும் அப்படித்தான், பிருந்தாவைக் குறிவைத்துத் தூவினால் மணப்பெண்ணின் தலையில் விழும். சரசாத்தாள் மட்டும் முதல் வரிசையில், சாமி பாத்துக்கும் என்ற முகத்தோடு கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மருதாசலம் எழுந்து பெண்ணின் எதிரே வந்து நின்றான். தாலித் தட்டு சபையில் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதற்குள்ளாகவே கண்ணை அம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான், இனி என்ன நடந்தாலும் திருப்பக்கூடாது என்று, கம்பி சுற்றும்போது மூச்சை அடக்குவதுபோல அடக்கிக்கொண்டிருந்தான். குழந்தைவேலு அவன் தோளுக்குப் பின்னால் நின்று, பாக்காதீங்க மாப்ளே, பாக்காதீங்க என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தன் பொறுப்பில் இருந்த பாயசத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசரத்தில் மயில்சாமி மட்டும் தன் கையில் இருந்த அட்சதையை முன்கூட்டியே தூவினார். ஊரில் எல்லோரும் தூவுவதுபோலப் பிருந்தாவைப் பார்த்துத்தான் தூவினார்.

அட்சதை பிருந்தாவின் தலையில் விழுந்தது.

கோகிலவாணி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு மணிகூட இல்லை. மயில்சாமி முழம் தவறக்கூடிய ஆள் இல்லை. பிருந்தாவின் போன் திரையில் மஞ்சள் பூசிய அரிசி நாலைந்து கிடந்தது. கோகிலவாணி அதில் ஒன்றை எடுக்க, இடப்பக்கம் பார்க்காமல், அம்பெல்லாம் பார்க்காமல், நேராக அந்த அரிசியையே பார்த்து விரலை நீட்டினாள். அரிசி விரலில் வந்தது. அடியில் போன் திரையும் நகர்ந்துவிட்டதால் பிருந்தா, அக்கா, படம் போயிருச்சுங்க்கா என்றாள்.

சபையின் கடைசி வரிசையில் தீனதயாளன் தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றார். தாலி மருதாசலத்தின் கைக்கு வந்தது. கெட்டிமேளம் என்று யாரோ கையைத் தூக்கினார்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழுந்த சத்தத்தில் கோகிலவாணி அவன் பெயரைச் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடி அம்புக்குக் கீழேதான் அவள் இருக்கிறாள் என்று முழுதாக நம்பி, அந்த அசட்டு முகத்தோடு, மஞ்சள் கயிற்றை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஊர் மொத்தமும் சேர்ந்து பழக்கிய கையை ஒரு நூல் பிசகாமல் பிருந்தாவின் கழுத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் அட்சதைக் கைகளை ஓங்கினார்கள், எல்லோர் கண்ணும் அம்பின் கீழே இருந்தது. சரசாத்தாள் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

கோகிலவாணி மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பலகையில் ஊன்றி, அம்பு இருந்த பக்கமாக ஒரு முழம் நகர்ந்தாள்.

பிருந்தா தலையை நிமிர்த்தவில்லை. திரையில் மிச்சமிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, பஸ்ஸில் அடுத்து ஏறியவருக்கு விடுவதுபோல, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.